மலையேற்றம் மட்டும் போதவில்லை: காட்டுயிர்ப் பணியில் தன்னார்வலராகப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சருகுமான்:

வணக்கம். ஒன்பது வருடமாகக் காட்டுப் பாதைகளில் நடந்துகொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் உச்சிக்குப் போய் நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கினால் ஒரு மாதத்துக்கு அந்த மயக்கம் தாங்கும். இப்போது அப்படி இல்லை.

போன மாதம் ஒரு மலையில் இறங்கும்போது, பாதை வளைந்து வளைந்து போகிற இடத்தில் எல்லாரும் குறுக்கே இறங்கி இறங்கி, சரிவு முழுக்க மண் அரித்து, மரத்தின் வேர்கள் விலா எலும்பு மாதிரி வெளியே தெரிந்தன. நாலு வருடத்துக்கு முன்னால் அதே குறுக்கு வழியில் சிரித்துக்கொண்டே ஓடி இறங்கியவன் நான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேர்கள் கண்ணை விட்டுப் போகவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். எனக்கு உயிரியல் தெரியாது, கணக்கு எழுதுகிற வேலை. என்னைப் போன்ற ஆளைக் கணக்கெடுப்பு மாதிரி வேலைகளுக்குச் சேர்ப்பார்களா? பணம் கட்டிச் சேரச் சொல்கிற திட்டங்கள் நிறைய கண்ணில் படுகின்றன, அவற்றை நம்பலாமா? அப்புறம், மறைக்காமலே கேட்டுவிடுகிறேன்: விலங்குகளை நேரில் பார்க்க முடியுமா?

பழைய செருப்பு:

சேர்ப்பார்கள் தம்பி. கணக்கு எழுதுகிறவர் என்றால் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்வார்கள். உயிரியல் படித்துவிட்டு வருகிற பல பேருக்கு ஒரு தாளை ஒழுங்காக நிரப்ப வராது.

நான் பதினோரு கணக்கெடுப்பில் நடந்திருக்கிறேன். என்ன வேலை என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு எதையோ எதிர்பார்த்து வந்து இரண்டாம் நாளே முகம் சுண்டிப் போகிறார்கள்.

காட்டுக்குள் முன்கூட்டியே ஒரு நேர்கோடு குறித்து வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும். விடிந்தும் விடியாத நேரத்தில் அதன் வழியே நடக்க வேண்டும். இது நம் ட்ரெக்கிங் நடை இல்லை. மணிக்கு இரண்டு கிலோமீட்டரைத் தாண்டினாலே கூட வருகிற வனக்காவலர் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். பேச்சு கிடையாது, செண்ட் கிடையாது, பளபளக்கிற மழைச்சட்டை கிடையாது. ஒரு மான் கூட்டம் கண்ணில் பட்டால் எத்தனை உருப்படி, எவ்வளவு தூரம், திசைகாட்டியில் எந்தக் கோணம் என்று மூன்றையும் எழுத வேண்டும். தூரத்தையும் கோணத்தையும் வைத்து, அது நாம் நடந்த கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தள்ளி நின்றது என்று பிறகு கணக்குப் போடுவார்கள். தள்ளிப் போகப் போகக் கண்ணுக்குத் தட்டுப்படுவது குறையும். அந்தக் குறைவு எப்படி விழுகிறது என்பதை வைத்துத்தான், புதருக்குப் பின்னால் நாம் பார்க்காமல் விட்டது எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதனால் நம்மைப் பார்த்து மிரண்டு ஓடிப் போய் நிற்கிற இடத்தை எழுதக் கூடாது. முதலில் கண்ணில் பட்ட நொடியில் எங்கே நின்றதோ அந்த இடம்தான் கணக்கு.

முதல் நாள் நான் எழுதியது: 30 மீட்டர், 40 மீட்டர், 50 மீட்டர், 30 மீட்டர். தூரம் அளக்கிற கருவி கையில் இருந்தும் கண்மதிப்பில் எழுதிவிட்டேன். சாயங்காலம் தாளைப் பார்த்த ஆய்வாளர் கேட்டார்: "உங்க காட்டுல எல்லா மானும் பத்தாம் வாய்ப்பாடு படிச்சிருக்குமோ?"

மூன்றாம் நாள் இன்னும் மோசம். இரண்டரை கிலோமீட்டர் நடந்து ஒரு காட்டுக்கோழிகூடப் பார்க்கவில்லை. எழுத ஒன்றும் இல்லையே என்று வெறும் தாளை நீட்டினேன். அந்த மனிதர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "வெறும் தாள்னா யாரும் நடக்கலைன்னு அர்த்தம். பூஜ்யம்னா நடந்தாங்க, எதுவும் இல்லைன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா?" உட்கார்ந்து நேரம், தடத்தின் எண், வானிலை எல்லாம் எழுதி, பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு: பார்க்கலாம். பெரும்பாலும் பின்பக்கத்தை.

முட்டிவலி:

செருப்பு அண்ணன் சொன்னதில் ஒரு வரியும் மிகை இல்லை. என் கதை வேறு. ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டன. காட்டுக்குள் நடக்க மருத்துவர் தடை. ஆனால் நான்கு வருடமாக தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் காட்டில்தான் இருக்கிறேன்.

கேமரா டிராப் தெரியும் அல்லவா? மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டிவிட்டு வருவார்கள், எதிரே ஏதாவது கடந்தால் தானாகப் படம் எடுக்கும். அந்தப் படங்களை வீட்டில் உட்கார்ந்து பார்த்து, எதில் என்ன விலங்கு என்று சொல்வதுதான் என் வேலை. அது வெப்ப வேறுபாட்டையும் அசைவையும் சேர்த்துப் பார்க்கிற சென்சார். இதில் ஒரு சங்கடம் உண்டு. உச்சி வெயிலில் சூடேறின புல் காற்றில் ஆடினால் அதுவும் "விலங்கு"தான். எனக்கு வந்த ஒரு மெமரி கார்டில் நாலாயிரத்துச் சொச்சம் படம். முக்கால்வாசிக்கு மேல் ஒரே கோரைப்புல். இடது பக்கம் சாய்கிறது, வலது பக்கம் சாய்கிறது. கேமரா கட்டினவர் முன்னால் இருந்த அந்த ஒரு கொத்தைக் கிள்ளிப் போட்டிருந்தால் என் பதினைந்து நாள் மிச்சம்.

நடுவில் ஒரு படத்தில் திரை முழுக்கக் கறுப்பாக, ஈரமாக, இரண்டு துளையோடு ஏதோ ஒன்று. ஐந்து நிமிடம் பார்த்தும் பிடிபடவில்லை. அடுத்த படத்தில் அது பின்வாங்கின பிறகுதான் தெரிந்தது: முள்ளம்பன்றி கேமராவை மோந்து பார்த்திருக்கிறது.

சிறுத்தை, புலிக்கென்றால் பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கேமரா வைப்பார்கள். இடது விலாவில் இருக்கிற புள்ளி வரிசை வலது விலாவில் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் படம் இருந்தால், ஒரே சிறுத்தையை இரண்டாக எண்ணிவிட வாய்ப்பு இருக்கிறது. கைரேகை மாதிரி அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் இது போன வருடம் வந்த அதே ஆள் என்று சொல்கிறார்கள்.

நம்மை மாதிரி ஆட்கள் பார்த்துச் சொன்னால் நம்புவார்களா என்று எனக்கும் முதலில் சந்தேகம். ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் செரெங்கெட்டி காட்டுயிர்ப் பூங்காவில் 225 கேமராக்கள் வைத்து எடுத்த படங்களை 2012இல் இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்த்து அடையாளம் சொல்லலாம் என்று திறந்துவிட்டார்கள். 28,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஒரே படத்தைப் பல பேருக்குக் காட்டி, பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொண்டார்கள். நிபுணர்கள் சொன்னதோடு ஒப்பிட்டால் சுமார் 97 சதவீதம் சரியாக இருந்தது. ஆக, நான் ஒருத்தன் கண்ணாடி போடாமல் வரிக்குதிரையைக் காட்டெருமை என்று அழுத்திவிட்டாலும் காடு ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

நள்ளிரவு ஆந்தை:

எல்லாரும் நல்ல மனதோடு பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். காட்டுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, போகாமல் இருப்பது.

பொழுதுபோக்குக்காக மனிதர்கள் காட்டுக்குள் போவதால் விலங்குகளுக்கு என்ன ஆகிறது என்று 274 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து 2016இல் ஒரு அலசல் வந்தது. 93 சதவீதத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளில் ஏதாவது ஒரு பாதிப்பு பதிவாகியிருந்தது, பாதிக்கு மேல் கெடுதலான பாதிப்பு. இதில் மோட்டார் வண்டியைவிட, சத்தமில்லாமல் நடக்கிற நம்மைப் போன்றவர்களால் வருகிற கெடுதலுக்குத்தான் சான்று அதிகம்.

2018இல் இன்னொன்று. ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய 76 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பகலும் இரவும் சரிபாதியாக நடமாடுகிற ஒரு விலங்கு, மனித நடமாட்டம் இருக்கிற இடத்தில் தன் நடமாட்டத்தில் சுமார் 68 சதவீதத்தை இருட்டில் வைத்துக்கொள்கிறது. வேட்டைக்காரனும் சரி, கையில் தண்ணீர் பாட்டிலோடு போகிற நாமும் சரி, அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் "ஒன்றுமே கண்ணில் படவில்லை" என்று திரும்பி வருகிறீர்கள். அது அங்கேதான் இருந்தது. நீங்கள் போனபிறகு வரலாம் என்று படுத்திருந்தது.

பழைய செருப்பு:

ஆந்தை, எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எல்லாரும் வீட்டிலேயே இருந்தால் அந்தக் காட்டின் நடுவே சாலை போடும்போது கேட்க யார் இருப்பார்கள்? பார்க்காத காட்டுக்காக யாரும் மனு எழுதுவதில்லை.

நள்ளிரவு ஆந்தை:

பார்த்தவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள் அண்ணே?

பழைய செருப்பு:

அதுவும் நியாயமான கேள்விதான். குறைவு.

மண்வெட்டி:

நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுங்கள், நான் அதற்குள் பாதையைச் சரி பண்ணிவிட்டு வருகிறேன்.

சருகுமான் பார்த்த அந்த வேர்களைப் பற்றி யாரும் பேசவே இல்லை. தன்னார்வலர் வேலை என்றாலே எல்லாருக்கும் புலியும் யானையும்தான் நினைவுக்கு வருகிறது. பாதை பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று சுமார் 3,500 கிலோமீட்டர் நீளம். 1921இல் பெண்டன் மெக்கே யோசனை சொன்னார், 1937இல் முழுப் பாதையும் இணைந்தது. இன்றைக்கும் அதன் பராமரிப்பில் பெரும்பங்கு தன்னார்வலர் மன்றங்களின் கையில்தான். ஒவ்வொரு மன்றத்துக்கும் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பாதையைக் கெடுப்பதில் கால் கொஞ்சம், தண்ணீர் மிச்சம். இதை மட்டும் புரிந்துகொண்டால் பாதி வேலை தெரிந்த மாதிரி. நேராகச் சரிவில் இறங்குகிற பாதை மழையில் ஓடையாக மாறிவிடும். அதனால் பாதையின் ஏற்றம், மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் அந்த வளைவுகள். அழகுக்கோ நம்மை அலைய வைக்கவோ போட்டதில்லை. வளைவை வெட்டிக் குறுக்கே ஒருவர் இறங்கினால் புல் மடங்கும். பத்துப் பேர் இறங்கினால் தடம். அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தைக் கண்டுபிடித்துவிடும், அப்புறம் நம்மால் பிடிக்க முடியாது.

மூடுவது எப்படி என்றால், மண்ணைக் கொட்டினால் ஆகாது, கரைந்துவிடும். குறுக்கு வழியின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் கிளை, முள், பட்டுப்போன மரம் என்று கிடைத்ததைப் போட்டு, அது வழி என்றே கண்ணுக்குத் தெரியாதபடி செய்ய வேண்டும். நடுவில் சரிவுக்குக் குறுக்காகக் கற்களைப் பாதி புதைத்து வரிசை வைத்தால் தண்ணீரின் வேகம் உடையும். "உள்ளே வராதீர்கள்" என்று பலகை வைத்தால் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். முள் போட்டால் போதும்.

இன்னொன்று, இது எல்லாருக்கும். பாதையில் சேறு இருந்தால் சேற்றிலேயே நடங்கள். ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போய்த்தான் ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டிப் பாதை ஆகிறது. ஷூ நனையட்டும், அதற்குத்தானே ஷூ.

முட்டிவலி:

ஷூ என்றதும் நினைவுக்கு வருகிறது. போன காட்டின் மண்ணை இந்தக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நியூசிலாந்தில் கௌரி மரங்களை வேர் வழியாகக் கொல்கிற நோய்க்கிருமி ஒன்று, குண்டூசித் தலை அளவு மண் ஒட்டியிருந்தாலே பரவிவிடும். பாதையின் வாயிலில் தூரிகையும் கிருமிநாசினியும் வைத்து, ஷூவைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். சில பாதைகளை மூடியே வைத்தார்கள்.

தவளைகளுக்கு வருகிற தோல் பூஞ்சை இதைவிடப் பெரிய கதை. அதனால் குறைந்தது 501 வகை நீர்நில வாழ்விகள் சரிந்திருக்கின்றன, அதில் 90 வகை அற்றே போயிருக்கலாம் என்று 2019இல் கணக்குச் சொன்னார்கள். ஓடை ஓடையாக இறங்கி நடக்கிறவர்கள் ஷூவைக் கழுவி நன்றாகக் காயவைக்காமல் அடுத்த ஓடையில் கால் வைக்க வேண்டாம்.

கூழாங்கல்:

இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் நான் சொல்கிறேன். எந்த நாடு, எந்த நிறுவனம் என்று எழுத மாட்டேன்.

மூன்று வருட சேமிப்பைக் கட்டி, "அநாதைக் குட்டிகளைப் பராமரிக்கும்" ஒரு திட்டத்துக்கு இரண்டு வாரம் போனேன். சிங்கக்குட்டிகள். காலையில் புட்டிப்பால், பிறகு கூண்டு கழுவுதல், பிறகு வருகிற பார்வையாளர்கள் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும்போது பக்கத்தில் நிற்பது. முதல் நாள் ஒரு குட்டி என் விரலைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டது. அழுதேவிட்டேன்.

ஐந்தாம் நாள்தான் மூளை வேலை செய்தது. ஆறு குட்டி இருந்தது, ஒன்றுக்கும் தாய் இல்லை. ஆறும் அநாதை என்றால் ஆறு தாயும் எப்படிச் செத்தது? வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய சிங்கங்கள் இருந்தன. "அந்தப் பக்கம் போகக் கூடாது" என்றார்கள். போன வருடத்துக் குட்டிகள் எங்கே என்று கேட்டேன். ஆளுக்கு ஒரு பதில். ஒருவர் காட்டில் விட்டோம் என்றார். மனிதர் மடியில் புட்டிப்பால் குடித்து வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது, அதற்கு வேட்டையும் தெரியாது, மனிதரைக் கண்டு பயமும் இருக்காது. ஊர் திரும்பிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: தென்னாப்பிரிக்காவில் இப்படி வளர்ந்த சிங்கங்கள் வேலிக்குள் அடைத்துச் சுடுகிற வேட்டைக்கு விற்கப்படுவது வெளிவந்த செய்திதான். நான் இருந்த இடத்திலும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. என் விரலைச் சப்பின அந்தக் குட்டி எங்கே போனது என்றும் தெரியாது.

பணம் கட்டுவது மட்டுமே தப்பு என்று சொல்ல மாட்டேன். தங்கும் இடம், சாப்பாடு, ஜீப்புக்கு எண்ணெய் எல்லாம் செலவுதான். ஆனால் விலங்கைத் தொட விடுகிறார்களா என்று முதலில் பாருங்கள். தொட விட்டால் அன்றே கிளம்பிவிடுங்கள். ஒழுங்கான மீட்பு மையத்தில் தன்னார்வலர் கண்ணில்கூட விலங்கு படாதபடி திரை போட்டு வைத்திருப்பார்கள். அங்கே நமக்குக் கிடைக்கிற வேலை தீவனம் வெட்டுவதும் சாக்கடை கழுவுவதும். இப்போது அப்படி ஒரு இடத்துக்குத்தான் மாதம் ஒரு தடவை போகிறேன். எட்டு மாதத்தில் ஒரு தடவை ஒரு மரநாயின் வாலைப் பார்த்தேன்.

சருகுமான்:

கூழாங்கல் அக்கா, நன்றி. நீங்கள் சொன்ன மாதிரி ஒரு விளம்பரத்துக்கு முன்பணம் கட்டுவதாக இருந்தேன். கட்டவில்லை.

கூழாங்கல்:

அப்படியென்றால் எழுதியது வீண் போகவில்லை. இதோடு ஒன்று: காட்டில் தனியாகப் படுத்திருக்கிற மான்குட்டியைப் பார்த்தால் தூக்கிக்கொண்டு வராதீர்கள். தாய் வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு மேயப் போயிருக்கும். தான் பக்கத்தில் நின்றால் வேட்டை விலங்குக்கு இடம் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தள்ளி நிற்கும். எங்கள் மையத்துக்கு வருகிற மான்குட்டிகளில் பாதி, "காப்பாற்றப்பட்டதால்" அநாதை ஆனவை.

படம்பிடி:

நல்ல இழை. நானும் போன வாரம் போன இடத்தில் ஒரு இருவாச்சிக் கூட்டைக் கண்டுபிடித்தேன். பொந்து அடைத்து, கீறல் வழியாக ஆண் பறவை பழம் ஊட்டுகிறது. அருமையான வெளிச்சம். படங்களும் போகிற வழியும் கீழே: [நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்:

படங்கள் இருக்கட்டும். கூட்டின் இடத்தை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

படம்பிடி:

இது கொஞ்சம் அதிகம். இங்கே இருப்பவர்கள் யாரும் வேட்டைக்காரர்கள் இல்லையே?

நள்ளிரவு ஆந்தை:

வேட்டைக்காரர் வர வேண்டாம். உங்களை மாதிரி நல்லவர்கள் நாற்பது பேர் வந்தாலே போதும். உள்ளே பெட்டை தன்னைத்தானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு ஆண் கொண்டுவருவது மட்டும்தான். மரத்தடியில் ஆள் கூட்டம் என்றால் ஆண் தயங்கும். ஒவ்வொரு தயக்கமும் ஒரு வேளைச் சாப்பாடு.

முட்டிவலி:

படம்பிடி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பாடத்தை உலகமே கொஞ்சம் தாமதமாகத்தான் படித்தது. பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழிவின் விளிம்பில் இருக்கிற உயிரினத்தைப் பதிந்தால், அதன் இடத்தைத் தானாகவே 0.2 பாகைக் கட்டத்துக்குள் கலைத்துப் போட்டுத்தான் பொதுவில் காட்டும். நிலநடுக்கோட்டுப் பக்கம் அது ஏறக்குறைய பக்கத்துக்கு 22 கிலோமீட்டர் உள்ள ஒரு சதுரம். பறவைப் பட்டியல்களைப் பதிகிற ஈபேர்ட் தளமும் ஆபத்தில் இருக்கிற சில பறவைகளின் இடத்தை மறைத்துவிடுகிறது. ஆனால் செல்பேசியில் எடுத்த படத்தை அப்படியே யாருக்காவது அனுப்பினால், எடுத்த இடத்தைக் காட்டுகிற ஜிபிஎஸ் எண்ணும் படத்துக்குள்ளேயே போகலாம். அதை யாரும் கலைத்துத் தர மாட்டார்கள்.

படம்பிடி:

ஜிபிஎஸ் விஷயம் நினைவில் இல்லை. அணைத்துவிட்டேன், பழைய படங்களிலும் எடுத்துவிடுகிறேன். ஆந்தை சொன்ன தொனி பிடிக்கவில்லை, ஆனால் சொன்னது சரிதான். அந்தப் பொந்துக்கு இந்தப் பருவம் முடிகிறவரை நானும் போகவில்லை.

மண்வெட்டி:

ஈபேர்டைப் பற்றிப் பேச்சு வந்ததால்: அதில் பட்டியலைப் பதியும்போது "அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வி வரும். ஆமாம் என்று சொன்னால்தான், எழுதாத பறவை அன்றைக்கு அங்கே கண்ணில் படவில்லை என்று அவர்களால் எடுத்துக்கொள்ள முடியும். செருப்பு அண்ணனின் பூஜ்யம்தான் இது, வேறு சட்டை. நம் ஆட்கள் காக்காய், மைனாவையெல்லாம் விட்டுவிட்டு அபூர்வமானதை மட்டும் எழுதுகிறார்கள். பெருமைக்கு அது சரி, கணக்குக்கு உதவாது.

பழைய செருப்பு:

1900ஆம் வருடக் கிறிஸ்துமஸ் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் அப்போது கிறிஸ்துமஸ் அன்றைக்கு அணி பிரித்து, யார் அதிகம் சுடுகிறார்கள் என்று பறவை வேட்டைப் போட்டி நடக்கும். ஃப்ராங்க் சாப்மன் என்கிற பறவையியலாளர், சுடுவதற்குப் பதில் எண்ணலாமே என்றார். அந்த வருடம் 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். இன்றைக்கு வரை அது நிற்கவில்லை. வட அமெரிக்காவில் எந்தப் பறவை குறைகிறது என்று நூறு வருடக் கணக்கு சொல்ல முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த 27 பேரும் சொந்தக் காலில் போய்ச் சும்மா எண்ணினவர்கள். போட்டி மனப்பான்மை ஒழிந்ததா என்றால் இல்லை, யார் அதிகம் பார்த்தார்கள் என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை, துப்பாக்கி போயிற்று.

சருகுமான்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். போய் வந்துவிட்டேன். அதிகாரபூர்வமான கணக்கெடுப்பு, பணம் எதுவும் கட்டவில்லை, இரண்டு நாள் பயிற்சி, நான்கு நாள் நடை. வரிசையாக எழுதுகிற பொறுமை இல்லை, மனதில் நிற்பதை எழுதுகிறேன்.

பயிற்சியில் கால்தடம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நாய் இனத்துக்கு நகக்குறி விழும். பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் விழாது, பின்பக்கம் பெரிய மெத்தையில் மூன்று மேடு தெரியும். எனக்கு எல்லாமே சேற்றில் யாரோ கட்டைவிரலை அழுத்தின மாதிரித்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் மதியம்தான் கண் திறந்தது. எச்சத்தைக் குச்சியால் பிரித்துக் காட்டினார்கள்: உள்ளே மயிர், ஒரு குளம்பின் துண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவன் எப்போது குனிந்தேன் என்று தெரியவில்லை.

நடையில் மூன்றாம் நாள். தடம் முடிந்து திரும்பும் வழியில் முன்னால் போன வனக்காவலர் சட்டென்று நின்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "உக்காருங்க, மானு உயரத்துல பாருங்க" என்றார். உட்கார்ந்தேன். அப்போது தெரிந்தது. பாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் சுள்ளிகளை அடுக்கி ஒரு வேலி, யாரோ கைக்காரியமாக அடுக்கினது. நடுவில் ஒரே ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில், காய்ந்த இலைக்கு அடியில், சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு சுருக்கு. கம்பியின் மறுமுனை வளைத்துக் கட்டின ஒரு இளமரத்தில். காலையில் இதே வழியாகத்தான் போனோம். நான் அந்த வேலியைத் தாண்டி நடந்திருக்கிறேன்.

எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். முதலில் படம், பிறகு இடம் குறிப்பது, பிறகு சுற்றிலும் வேறு இருக்கிறதா என்று தேடல். மொத்தம் ஏழு கிடைத்தது. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்று நாட்டுப் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேல் இப்படிச் சுருக்குகள் இருக்கலாம் என்று 2020இல் ஒரு மதிப்பீடு வந்ததாம். ராத்திரி முகாமில் அந்த ஏழு கம்பியும் ஒரு தகர டப்பாவில் கிடந்தது. டப்பாவை யாராவது நகர்த்தும்போதெல்லாம் சலசலவென்று சத்தம்.

ஆந்தை, ஒன்று உங்களிடம் கேட்க வேண்டும். நாங்கள் அன்றைக்கு அங்கே நடக்காமல் இருந்திருந்தால்?

நள்ளிரவு ஆந்தை:

நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் காலையில் அந்த வேலியைத் தாண்டிப் போனீர்கள், பார்க்கவில்லை. பார்த்தது அந்தக் காவலர். அவர் மாதிரி ஆட்கள் காட்டில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு என்றைக்கும் சண்டை இல்லை. நீங்கள் அவருக்கு ஒரு மூட்டை சுமந்தீர்கள் என்றால் போய் வாருங்கள். வார இறுதிக்கு நூறு பேராகப் போவதைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

பழைய செருப்பு:

கணக்கு என்ன ஆயிற்று? அதைச் சொல்லவே இல்லையே.

சருகுமான்:

முதல் நாள் புள்ளிமான் 6, தூரம் 37 மீட்டர் (பத்தின் மடங்கு இல்லை, கவனிக்கவும்). இரண்டாம் நாள் காட்டுப்பன்றி 2. மூன்றாம் நாள் பூஜ்யம். நான்காம் நாள் பூஜ்யம். இரண்டையும் நேரம், தடத்தின் எண், வானிலையோடு முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சிக்கல் மட்டும் வந்தது. நான்காம் நாள் பனி கொட்டியது, பேனாவில் எழுதினது மேல் பாதி கரைந்து நீலமாக ஓடிவிட்டது. முகாமில் உட்கார்ந்து நினைவிலிருந்து திரும்ப எழுதலாமா என்று கேட்டேன். ஆய்வாளர் சம்மதிக்கவில்லை, கரைந்த தாளையே வாங்கி வைத்துக்கொண்டார்.

பழைய செருப்பு:

சரியாகத்தான் செய்தார். காட்டுக்குப் பேனா எடுத்துப் போகாதீர்கள் தம்பி. பென்சில்.

சருகுமான்:

வாங்கிவிட்டேன் அண்ணே. அடுத்தது பாதை வேலை, மண்வெட்டி அவர்கள் குழுவோடு. அந்தக் குறுக்கு வழியை மூடுவதற்குத்தான்.

மண்வெட்டி:

முள் வெட்ட நல்ல கையுறை கொண்டுவாருங்கள். போன தடவை ஒருத்தர் துணிக் கையுறையோடு வந்து, மதியத்துக்குள் சமையலுக்குப் போய்விட்டார்.